கடைசிச் சக்கரம்

பதினோரு பேர். என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு.
காலைப் படகு எங்களைப் பிராடிக் துறையில் கொட்டியபோது
பெய்வதா வேண்டாமா என்று
மழை இன்னும் முடிவெடுக்கவில்லை.

என் வேலை பின்னால் வருவது.
முதுகில் மஞ்சள் பட்டை,
பையில் இரண்டு டியூப், ஒரு பம்ப், சங்கிலிக் கண்ணி,
யாரும் கேட்காத வாழைப்பழம் ஒன்று.
எவர் மெதுவோ அவருக்கும் பின்னால்,
எவர் நின்றாரோ அவரோடு நின்று,
கடையில் வருபவள் நான்.
வழியில் கடையைக் கண்டால் மட்டும் முதல் ஆள்.

அரன் தீவைக் கடிகார முள்ளின் திசையில் சுற்றுகிறோம்.
அப்படிச் சுற்றினால்
நாள் முழுக்கக் கடல் இடக்கைப் பக்கம்.
வழி தவறவே முடியாது என்றான் டூகல்,
சொல்லி முடிக்கும் முன்பே
அடுத்த வளைவில் இல்லை.

விட்டிங் பே தாண்டியதும் தெற்குக் கரை
குணத்தைக் காட்டியது.
ஏற்றம், சறுக்கி ஒரு குட்டிப் பாலம், மறுபடி ஏற்றம்.
யாரோ ஈரச் சட்டையை முறுக்கிப் பிழிந்து
உதறாமல் போட்டுவிட்டுப் போன நிலம்.
தூரத்தில் ஐல்சா கிரெய்க், கடலில் கவிழ்த்த கிண்ணம்,
எவ்வளவு மிதித்தாலும் அதே இடத்தில்.

வோய்டெக் கணக்கு வாத்தியார்:
"கடல்மட்டத்தில் தொடங்கிக் கடல்மட்டத்தில் முடிக்கிறோம்,
கூட்டிக் கழித்தால் ஏறியது பூச்சியம்."
என் தொடைகள் கணக்குப் படிக்காதவை.

எனக்கு முன்னால் இஷ்பெல்.
வாரத்தில் ஐந்து நாள் பேருந்து ஓட்டுகிறவள்.
ஐந்தாம் மேட்டில் இறங்கித் தள்ளினாள், வெட்கமே இல்லாமல்,
அடம்பிடிக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்துப் போவதுபோல.
"நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு எந்த மேடும் ஏறுவேன்.
இன்று ஏற்ற வேண்டியது ஒரே ஒருத்தியை."

ஒருத்தியின் முதுகை ஆறு மணி நேரம் பார்த்திருக்கிறீர்களா?
லாம்லாஷில் அவள் சட்டையில் வியர்வை ஒரு தீவு வரைந்தது.
பிளாக்வாட்டர்ஃபுட்டில் அது கண்டம்.
மேற்குக் கரையில் காற்று அத்தனையையும் அழித்து
உப்புக் கோடு மட்டும் விட்டுவைத்தது.
பாறைகளில் தலையும் வாலும் தூக்கிய சீல்கள்
என் பையிலிருந்த பழத்தைப் போலவே வளைந்து கிடந்தன.
அவையும் கேட்கவில்லை.

லாக்ரான்ஸா. கோல்ஃப் புல்லில் மான்கள்.
அதன்பின் பொகிலி,
நாளெல்லாம் எல்லோரும் பெயர் சொல்லாமல் தவிர்த்த மேடு.
பாதி ஏற்றத்தில், சாலையோரம்,
குந்தியிருந்தான் டூகல்.
அறுந்த சங்கிலி மடியில், செத்த பாம்பாக.
கை இரண்டும் கறுப்பு.
எடை குறைய வேண்டும் என்று
எதையும் எடுத்து வராதவன்.

இஷ்பெல் இறங்கவில்லை.
இந்த மேட்டில் மட்டும் இறங்கவில்லை.
நடப்பதைவிட மெதுவாக, நெளிந்து நெளிந்து
அவனைத் தாண்டும்போது
பெருவிரலால் மணியை அடித்தாள்.
டிங்.
ஒரு சொல் இல்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நான் கண்ணி கோத்தேன். அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான்.
"வேகமாக முடியுமா? ஏழே காலுக்குப் படகு."
"முடியாது."
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு, என் பையைப் பார்த்தபடி:
"அந்த வாழைப்பழம் யாருக்காவது வேண்டுமா?"

சானக்ஸுக்கு இறங்கும் சரிவில்
அவன் என்னை முந்தியிருக்கலாம்.
முந்தத்தான் வேண்டும், விதி அது, எனக்குப் பின்னால் யாரும் கூடாது.
ஆனாலும் பிரேக்கில் விரல் வைத்தபடியே
பக்கத்தில் வந்தான், கோரி வரைக்கும்,
வாய் நிறையப் பழத்தோடு,
இடப்பக்கம் கடல் இருப்பதை
அப்போதுதான் கண்டவனாக.

துறையில் கயிற்றுக்காரர் எங்களைப் பார்த்தார்,
கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார்.
ஏறிவிட்டோம்.

வண்டித் தளத்தில் பன்னிரண்டு சைக்கிள்கள்,
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, ஒரே கயிற்றில்.
எஞ்சின் உறுமி இரும்புத் தரை நடுங்கியதும்
அவற்றில் ஒன்று மட்டும்
டிங், டிங், டிங் என்றது.
யாரையோ தாண்டிக்கொண்டே இருந்தது.
மாடிப்படியில் கால் வைத்த டூகல்
நின்று, கறுத்த கையால் முகத்தைத் துடைத்து
முகத்தையும் கறுப்பாக்கிக்கொண்டான்.